வவுனிக்குளம், இடுப்பளவு தண்ணீர்

புரட்டாதி. குளம் வற்றி
துருசுப் பக்கத்தில் மட்டும் ஆளைத் தாழ்த்தப் போதுமான ஆழம்.
முதலைக்குக் காவலாய்
அலைகரையில் தடியோடு செல்வநேசனை நிறுத்திவிட்டு
இறங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ‘ஒருவர்’ என்கிற ஆள்.
மூவர் என்று சொல்கிற மெதடிஸ்ற் மாமனார் வீட்டில்
ஆறு நத்தாராய்க் கை நனைக்காதவன்.
பிதா ஒரு பட்டம், குமாரன் ஒரு பட்டம்,
பெயர் இயேசு ஒன்றுதான் என்று
பாண்டியன்குளம் சந்தி வரைக்கும்
மோட்டார் சைக்கிளில் போய்ச் சொன்னவன்.
‘என்ர மனுசிக்கு நான் புருசன், பிள்ளைக்குத் தகப்பன்,
வீடு கட்டுறவனுக்கு மேசன்.
நான் என்ன மூண்டு ஆளோ?’
சனம் சிரிக்கும்.
சிரித்தால் பாதி வந்த மாதிரி.

பங்குச் சுவாமி வில்வம் இலையைக் காட்டுவார்,
மூன்று இலை, ஒரு காம்பு.
‘இலையைப் பிய்க்கலாமே’ என்று சொல்லியனுப்புவேன்.
‘மேசன் செத்தால் மூண்டு பேரும் சேர்ந்தெல்லே சாவினம்’ என்று
திருப்பி அனுப்புவார்.
இரண்டையும் சுமந்தவன் மீன்காரன், சைவக்காரன்.
இதில் அவனுக்கு ஒரு தனிச் சுகம்.

யசிந்தா முல்லைத்தீவுக் கரைச்சனம்.
குழந்தையில் உச்சியில் ஒருதரம்.
மெனிக்பாமில் யாரோ வாளித்தண்ணீரால் இன்னொருதரம்.
‘மூண்டாந்தரம் எண்டாலும்
ஒழுங்காச் செய்யுங்கோ பாஸ்ரர்.’

என் கை அவள் முதுகில்.
அவள் கை மூக்கில்.
நாமத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறேன்.
மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

‘சிலுவையில அவர் கத்தினது
ஆரைப் பாத்து?’

பதில் இருந்தது என்னிடம். எட்டுப் பக்கத்தில்,
கொழும்பில் அச்சடித்த காகிதத்தில் இருந்தது.
மனுஷீகம் தெய்வீகத்தை நோக்கி, என்று தொடங்கினேன்.
ஒரு தாமரை இலை வந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றது.

‘ரெண்டும் ஒராள் எண்டால்
ஆருக்கும் பிள்ளை துலையேல்லையே பாஸ்ரர்.’

அழவில்லை. கணக்குப் பார்க்கிற குரல்.

‘றெஜியை என்ர கையாலதான் பஸ்ஸில ஏத்தினனான்.
விசாரிச்சிட்டு விடுவம் எண்டவை.
படியில நிண்டு திரும்பிப் பாத்தவன்.
பாத்தது அவன். கீழ நிண்டது நான்.
நடுவில இருந்த அந்த இடத்தை
நீங்கள் எடுத்துப்போட்டியள் எண்டால்
உங்கட கடவுளோட கதைக்க
எனக்கு ஒண்டுமில்லை.’

‘அப்ப மூண்டு பேரெண்டு சொல்லட்டோ?’
கோபத்தில்தான் கேட்டேன்.

‘அதுவும் தெரியாது.
சுவாமியிட்டையும் கேட்டுப் பாத்தனான்.
அவர் இலையைக் காட்டினார்.’

செல்வநேசன் தண்ணீரில் தடியால் அடித்தான்.
‘பாஸ்ரர், கெதியாய்!’
முதலை இல்லை, மரக்குற்றி.
அதற்குள் அவள் கரையேறிவிட்டாள்.
இடுப்புக்குக் கீழே ஈரம், மேலே காய்ந்த சீலை,
குளம் இழுத்துவிட்ட கோடு ஒன்று நடுவில்.
அப்படியே கட்டில் ஏறி
மல்லாவி பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

நான் வெறுங்கையை நீட்டியபடி
கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் நின்றேன்.
சேற்றில் கால் புதைந்திருந்தது, வேறு காரணமில்லை.

நான் மாறவில்லை.
பெயர் ஒன்று என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.
மேசன் கதையை மட்டும் விட்டுவிட்டேன்;
‘தகப்பன்’ என்கிற இடத்தில்
சனம் சிரிக்க முதல் எனக்கு நாக்குத் தடக்குகிறது.

அந்த நத்தாருக்கு மாமனார் வீட்டுக்குப் போனேன்.
மூவர் என்றார். ஒருவர் என்றேன்.
மனுசி ஆட்டிறைச்சியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.
சாப்பிட்டுக்கொண்டே சண்டை பிடித்தோம், இருட்டும்வரை.

யசிந்தாவின் கேள்வியை அவருக்குச் சொல்லவில்லை.
கேட்டால்
தான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்.